காட்டுக்குத் தீ வைக்கச் சட்டமா?

கேள்வி: காட்டுத்தீயைத் தடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, காட்டுக்கே தீ வைப்பதற்கு அமெரிக்க மாநிலங்கள் சட்டம் இயற்றுகின்றன. அந்தத் தீ கைமீறிப் போனாலும் வைத்தவரிடம் செலவைக் கேட்க முடியாதாம். 2022இல் நியூ மெக்சிகோவை எரித்ததும் இப்படி வைத்த தீதானே? இது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வது அல்லவா?

பதில்: நியூ மெக்சிகோவை மறைத்துவிட்டு இக்கேள்விக்குப் பதில் சொல்வது நேர்மையாகாது, ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். 2022 ஏப்ரல் 6 அன்று சாண்டா ஃபே தேசிய வனத்தில் வனத்துறையினர் திட்டமிட்டு வைத்த தீ கைமீறியது. அதே வனத்தில் சனவரியில் எரித்த விறகுக் குவியல் ஒன்று, மேலே பனி விழுந்து மூடிய பிறகும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடந்து, ஏப்ரல் மாதக் காற்றில் மீண்டும் மூண்டது. இரண்டும் ஒன்று சேர்ந்து 3,41,000 ஏக்கருக்கு மேல் எரித்தன. நூற்றுக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. அம்மாநிலம் கண்ட மிகப் பெரிய காட்டுத்தீ அதுவே. காடு எந்த அளவுக்குக் காய்ந்திருந்தது என்பதை உணராமல் தீ வைத்துவிட்டார்கள் என்பதை வனத்துறை நடத்திய ஆய்வே ஒப்புக்கொண்டது.

ஆனால் அந்தத் தீயை வைத்தது கூட்டாட்சி அரசின் வனத்துறை. வைத்த இடமும் கூட்டாட்சி அரசின் நிலம். நீங்கள் குறைகூறும் மாநிலச் சட்டங்கள் அதற்கு அனுமதி தரவும் இல்லை, தடுத்திருக்கவும் முடியாது. இரண்டையும் ஒன்றாக்கினால், எதைத் திருத்த வேண்டும் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

கொள்ளிக்கட்டை என்ற உவமையையும் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்க மேற்குப் பகுதியின் காடுகளில் பல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தவழ்ந்து போகும் சிறு தீயோடு வளர்ந்தவை. கரூக், யூரோக் போன்ற பழங்குடி மக்கள் பருவம் பார்த்து அத்தீயை வைத்துவந்தார்கள். கலிஃபோர்னியா மாநிலம் பிறந்த 1850ஆம் ஆண்டிலேயே அவர்கள் புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிச் சட்டம் இயற்றப்பட்டது. 1910இல் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் எரிந்த பிறகு, தீ என்றாலே பகை என்ற எண்ணம் வனத்துறையில் வேரூன்றியது. எந்தத் தீயானாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935இல் விதியே வகுத்தார்கள். எரிந்து தீர்ந்திருக்க வேண்டிய சருகும் சுள்ளியும் இளமரக் கூட்டமும் அன்றிலிருந்து சேர்ந்துகொண்டே வந்தன. தரையில் தவழ வேண்டிய தீ இன்று அவற்றை ஏணியாகப் பிடித்து மரங்களின் உச்சிக்கு ஏறிவிடுகிறது.

இப்படிச் சேர்ந்ததைச் சிறு தீயால் குறைக்கும் திட்டமிட்ட எரிப்பு என்பது, கண்ட இடத்தில் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவதன்று. காற்றின் வேகம், ஈரப்பதம், சருகின் ஈரம் ஆகியவற்றுக்கு வரம்பு குறித்து முன்கூட்டியே திட்டம் எழுதப்படுகிறது. அன்று காலையில் ஒரு மூலையில் மட்டும் சிறிதாகத் தீ மூட்டி, சுடர் எப்படிப் போகிறது, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார்கள். சரியில்லை என்றால் அணைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். சரியாக இருந்தால், காற்று எந்தப் பக்கத்தை நோக்கி வீசுகிறதோ அந்த ஓரத்தை முதலில் எரிக்கிறார்கள். டீசலும் பெட்ரோலும் கலந்த எண்ணெய் எரியும் திரியின் வழியே சொட்டும் கையடக்கக் கலத்தைத் தாழ்த்திப் பிடித்தபடி ஒருவர் நடக்க, அவர் பின்னால் காற்றை எதிர்த்துச் செல்லும் தீ, முழங்கால் உயரத்துக்கும் குறைவாக, மெல்ல ஊர்கிறது. எரிக்க ஒன்றும் மிஞ்சாத கரிய பட்டை ஒன்று அந்த ஓரத்தில் அமைந்த பிறகே மற்றப் பகுதிக்குத் தீ வைக்கிறார்கள்.

இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுப்பது வழக்கு பற்றிய அச்சம். ஃபுளோரிடா 1990இல் இயற்றிய சட்டம், விதிப்படி நடக்கும் எரிப்பை நில உரிமையாளரின் உரிமை என்றும், அதைப் பொதுத் தொல்லையாகக் கருதக் கூடாது என்றும் அறிவித்தது. 1998இல் அங்கே பெருந்தீ பரவி, ஃபிளாக்ளர் மாவட்ட மக்கள் முழுவதுமே வெளியேற்றப்பட்டார்கள். மறு ஆண்டில் அச்சட்டம் பின்வாங்கவில்லை, மேலும் வலுப்பெற்றது: சான்றிதழ் பெற்றவர் விதிகளைப் பின்பற்றி வைத்த தீயில், கடும் அலட்சியம் நிரூபணமானால் மட்டுமே அவர் இழப்புக்குப் பொறுப்பாவார். இன்று அம்மாநிலத்தில் ஆண்டுக்கு 20 லட்சம் ஏக்கர் அளவில் இவ்வாறு எரிக்கப்படுகிறது.

செலவைக் கேட்க முடியாது என்று நீங்கள் கேள்விப்பட்டது கலிஃபோர்னியா 2021இல் இயற்றிய சட்டமாக இருக்கக்கூடும். அது பாதி உண்மையே. எழுத்துவடிவத் திட்டம், சான்றிதழ் பெற்ற எரிப்புத் தலைவரின் ஒப்புதல், நில உரிமையாளரின் இசைவு, முறையான அனுமதி ஆகியவை இருந்து, கடும் அலட்சியம் இல்லாதபோது, தீயை அணைத்த செலவை அரசு கேட்காது, அவ்வளவுதான். பக்கத்து நிலத்தாரின் வீடு எரிந்தால் அந்தப் பொறுப்பு அப்படியே நிற்கிறது. அதற்காகவே 2022இல் இன்னொரு சட்டத்தின் வழியாக 2 கோடி டாலரில் இழப்பீட்டு நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது.

என் குறை இந்த நிதியைப் பற்றியதுதான். ஓர் எரிப்புக்கு அதிலிருந்து கிடைப்பது அதிக அளவாக 20 லட்சம் டாலர். கலிஃபோர்னியாவின் வீட்டு விலையில் இரண்டு மூன்று வீடுகள் எரிந்தாலே அது தீர்ந்துவிடும். தீ வைப்பவருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம், அருகில் வாழ்பவருக்கும் அதே உறுதியோடு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைக்க வேண்டும். நியூ மெக்சிகோவில் அப்படி எதுவும் தயாராக இல்லை. எல்லாம் எரிந்து முடிந்து, 2022 செப்டம்பரில் அமெரிக்க காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி முதல் தவணையாக 250 கோடி டாலர் ஒதுக்கும் வரை அம்மக்கள் காத்திருக்க நேர்ந்தது.