மலைப்பாதை சைக்கிள்: எந்தப் பாகத்தில் பணத்தைப் போடுவது? (வாசகர் கேள்வி – பதில்)

இந்த இதழில், மலைப்பாதை சைக்கிள்களின் உதிரிப் பாகங்கள் குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் அளிக்கிறோம்.

கோத்தகிரி வாசகர்: ஐயா, தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே உள்ள மண்பாதைகளில் தினமும் சைக்கிள் ஓட்டுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 21 கியர் உள்ள மலைப்பாதை சைக்கிள் ஒன்றை வாங்கினேன். இதுவரை பின்சக்கரத்தின் ஆக்சில் இருமுறை முறிந்துவிட்டது. பின்சக்கரத்தின் வலப்பக்க ஸ்போக்குகள் அடிக்கடி அறுந்துபோகின்றன. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் 'கடக் கடக்' என்று சத்தம் கேட்கிறது. பழுது பார்ப்பவர், 27 கியராக மாற்றிவிட்டால் சைக்கிள் புதிதாகிவிடும் என்கிறார். கையில் பணம் சேரச் சேர ஒவ்வொரு பாகமாக மாற்ற நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில்: கியருக்கு இப்போது ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். பின்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் எடையில் பெரும்பகுதியைச் சுமப்பதும், மிதிக்கும் விசை முழுவதையும் தரைக்குக் கொண்டு செல்வதும், கல்லில் மோதும்போது பலத்த அடியை வாங்குவதும் அந்தச் சக்கரம்தான். குறைந்த விலை சைக்கிள்களில் தயாரிப்பாளர்கள் மிச்சம் பிடிப்பதும் பெரும்பாலும் அதில்தான், ஏனென்றால் கியர் எண்ணிக்கையைப் போல சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் தரம் வாங்குபவர் கண்ணில் படுவதில்லை.

ஆக்சில் முறிவதற்கு உங்கள் ஓட்டம் காரணமில்லை. முன்னால் 3, பின்னால் 7 பல்சக்கரங்கள் கொண்ட இத்தகைய 21 கியர் சைக்கிள்களில் அந்தச் சக்கரத் தொகுதி பொதுவாக 'ஃப்ரீவீல்' வகையாக இருக்கும், அதாவது ஹப்பின் வெளியே மரையில் திருகி மாட்டப்பட்டிருக்கும். அதற்கு இடம்விட வேண்டியிருப்பதால் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளிப்போய்விடுகிறது. பேரிங்குக்கும் ஃபிரேமுக்கும் இடையில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஆக்சில் எந்தத் தாங்கலும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இடம் சிறிது வளைந்து நிமிர்கிறது, பல்லாயிரம் முறை அப்படி வளைந்த பிறகு ஒருநாள் முறிகிறது. எவ்வளவு உறுதியான ஆக்சிலைப் போட்டாலும் இந்த அமைப்பு மாறாத வரை முறிவைத் தள்ளிப்போடலாமே தவிரத் தடுக்க முடியாது. 1978-இல் ஷிமானோ நிறுவனம் கொண்டுவந்த 'ஃப்ரீஹப்' இந்தக் குறையைப் போக்கியது. அதில் பல்சக்கரங்களைத் தாங்கும் சுழல்பகுதி ஹப்போடு சேர்ந்தே இருப்பதால், வலப்பக்கப் பேரிங்கை ஃபிரேமுக்கு மிக அருகே வைக்க முடிகிறது. ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது கேசட் (செருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி) மாட்டக்கூடிய ஃப்ரீஹப் உள்ள சக்கரம். பின்னால் 8, 9 கியருக்கான ஃப்ரீஹப்பில் 4.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்றைச் சேர்த்தால் 7 கியர் கேசட்டும் பொருந்தும் என்பதால், கைப்பிடியில் இப்போதுள்ள, கியர் மாற்றும் ஷிஃப்டரை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. வாங்கும் முன் பின்சக்கரம் பொருந்தும் ஃபிரேமின் பின்பக்க இடைவெளியை அளந்து கொள்ளுங்கள். இவ்வகை சைக்கிள்களில் பெரும்பாலும் அது 135 மில்லிமீட்டராக இருக்கும்.

ஹப்பின் பேரிங் எந்த வகை என்று கேட்பீர்கள். கப்பும் கோனும் குண்டுகளும் கொண்ட பழைய வகையைத் தாழ்வாக எண்ண வேண்டாம். இரண்டு கோன் ஸ்பேனர்களும் ஒரு டப்பா கிரீஸும் இருந்தால் மழைக்காலம் முடிந்ததும் வீட்டிலேயே பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம், நம் ஊர் சைக்கிள் கடைகளில் 'ஓவராயில்' என்று சொல்லும் அந்த வேலைதான். ஆனால் கோன் தளர்ந்திருப்பதைக் கவனிக்காமல் ஓட்டினால் கப்பில் குழி விழும், கப் ஹப்போடு சேர்ந்தது என்பதால் முழு ஹப்பும் வீணாகும். சீல் செய்த கார்ட்ரிட்ஜ் பேரிங்கில் அந்த ஆபத்து இல்லை. தேய்ந்த பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டு, அதன்மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி, மோட்டார் உதிரிப் பாகக் கடையிலேயே புதியதை வாங்கிவிடலாம். கோன் வைக்கத் தெரிந்தவர் அருகில் இல்லையென்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்போக்குகளைப் பொறுத்தவரை, ஒன்றிரண்டு அறுந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம், வரிசையாக அறுந்தால் மீதமுள்ளவையும் களைத்துவிட்டன என்று பொருள். ஸ்போக் பெரும்பாலும் ஹப்பை ஒட்டிய வளைவில்தான் அறுகிறது. சக்கரம் சுழலும்போது தரைக்கு நேர் மேலே வரும் ஸ்போக்கின் இழுவிசை ஒரு கணம் குறைந்து மீண்டும் ஏறுகிறது. ஆரம்பத்திலேயே இழுவிசை போதாமல் கட்டப்பட்ட சக்கரத்தில் அந்த ஸ்போக் அக்கணத்தில் முழுவதும் தளர்ந்துவிடுவதால் வளைவு அசைந்து அசைந்து சோர்கிறது. எனவே இறுக்கமாகக் கட்டிய சக்கரத்தின் ஸ்போக் தளர்வாகக் கட்டியதன் ஸ்போக்கைவிட நீண்ட காலம் உழைக்கும். இருசுவர் ரிம், 32 அல்லது 36 துருப்பிடிக்காத எஃகு ஸ்போக்குகள் என்று கேளுங்கள். முனைகளில் 2 மில்லிமீட்டரும் நடுவில் 1.8 மில்லிமீட்டருமாக இழைத்த ஸ்போக் கிடைத்தால் இன்னும் நல்லது. மெல்லிய நடுப்பகுதி சற்றே நீண்டு கொடுத்து வளைவின் மீதான பளுவைக் குறைக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடக் கட்டும் கை முக்கியமானது. கோவையில் எனக்குச் சக்கரம் கட்டித் தந்த முதியவர், பெண்டு எடுத்து முடித்த பிறகு, பக்கத்துப் பக்கத்து ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து அழுத்தமாக நெருக்கிவிட்டு, மறுபடியும் பெண்டு பார்த்தார். அப்படி நெருக்கும்போது வளைவுகள் ஹப்பில் சரியாகப் படிகின்றன, வளைக்கும்போது எஃகுக்குள் தங்கிய உள்விசையும் தணிகிறது. அவர் கட்டிய சக்கரத்தில் எட்டு ஆண்டுகளாக ஒரு ஸ்போக்கும் அறவில்லை. அத்தகைய ஒருவரிடம் கூலி கூடுதலாகக் கொடுத்துக் கட்டிக்கொள்ளும் நடுத்தரச் சக்கரம், இயந்திரத்தில் கட்டி வரும் உயர்விலைச் சக்கரத்தைவிட நம்பகமானது என்பது என் உறுதியான கருத்து.

சத்தம் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து, அதாவது கிராங்குகளின் ஆக்சிலைத் தாங்கும் பேரிங் தொகுதியிலிருந்து வரக்கூடும். செயினைக் கழற்றிவிட்டு, பெடலைத் தாங்கும் கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். இரு கிராங்குகளும் சேர்ந்து ஆடினால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறது, ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்கின் போல்ட் தளர்ந்திருக்கிறது. சதுர முனை ஆக்சிலில் தளர்ந்த கிராங்கோடு ஒரு நாள் ஓட்டினாலும் அலுமினியத்தில் உள்ள சதுர ஓட்டை வட்டமாகிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. எனக்கு ஒரு கிராங்க் அப்படித்தான் போயிற்று. பேரிங் தேய்ந்திருந்தால் சீல் செய்த கார்ட்ரிட்ஜ் வகையை வாங்குங்கள். சீட் குழாய் வழியாக இறங்கும் மழைநீர் அதனுள் எளிதில் புகாது. ஃபிரேமில் பாட்டம் பிராக்கெட் பொருந்தும் குழாயின் அகலம் 68 மில்லிமீட்டரா 73 மில்லிமீட்டரா என்பதையும், பழைய ஆக்சிலின் நீளத்தையும் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். இந்த வகை ஃபிரேமில் வலப்பக்கக் கப்பின் மரை இடஞ்சுழி என்பதைப் பழுது பார்ப்பவருக்கு நினைவூட்டுங்கள். தவறான திசையில் பலம் கொடுத்து மரை அழிந்த ஃபிரேம்களைப் பார்த்திருக்கிறேன்.

குன்னூர் வாசகர்: மழையிலும் நீண்ட இறக்கங்களிலும் நம்பி ஓட்டுவதற்கு எந்த பிரேக் ஏற்றது? கேபிள் டிஸ்க் போதுமா, ஆயில் டிஸ்க் வேண்டுமா? கேபிள்தான் பழுதில்லாதது என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: மலைப்பாதை சைக்கிளின் வரலாறே பிரேக் சூட்டில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் மாவட்டத்து மலை ஒன்றில் 1976-ஆம் ஆண்டு முதல் இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களில் இறக்கப் பந்தயம் நடத்தினார்கள். பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக் அவற்றில் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் ஹப்பின் கிரீஸ் முழுவதும் புகைந்து எரிந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மறுபடி அடைப்பதைக் குறிக்கும் 'ரீபேக்' என்ற சொல்லே அந்தப் பாதைக்குப் பெயராகிவிட்டது.

நம் மலையிலும் கணக்கு அதேதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் இறக்கம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளியாகும் ஆற்றல் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொண்டாலும், மீதியை உள்ளங்கையளவு எஃகுத் தட்டு இரண்டு தாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே உங்கள் பாதைக்கு ஆயில் டிஸ்க்தான் ஏற்றது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் தானாகவே முன்வந்து ஈடுகட்டும், கேபிளிலோ இறக்கத்தின் பாதியில் நீங்கள் நின்று திருகிவிட வேண்டும். சேறு கேபிள் உறைக்குள் புகுந்தால் லீவரும் கடினமாகிவிடும். கேபிளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. எந்தக் கிராமத்துக் கடையிலும் மாற்றுக் கேபிள் கிடைக்கும் என்பதால், பல நாள் தொலைதூரப் பயணம் செல்பவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

ஆயிலிலும் இரண்டு வகை உண்டு. ஷிமானோ, டெக்ட்ரோ போன்றவை மினரல் ஆயிலைப் பயன்படுத்துகின்றன, ஸ்ராமின் பல பிரேக்குகள் கார்களில் உள்ளதுபோன்ற டாட் வகைப் பிரேக் திரவத்தைப் பயன்படுத்துகின்றன. டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 5.1-இன் தரவரையறைப்படி புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 260 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 180 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீலகிரி மழையில் ஆண்டுக்கொருமுறை அதை மாற்றத் தவறுபவர்களுக்கு மினரல் ஆயில் வகையே பாதுகாப்பு. எக்காரணத்தாலும் ஒன்றில் மற்றதை ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக் முழுவதும் போய்விடும்.

பேட்களில் ரெசின் வகை சத்தமின்றிப் பிடிக்கும், ஆனால் மண் கலந்த மழைநீரில் விரைவாகக் கரைந்துவிடும். உலோக வகை சற்றுச் சத்தம் போட்டாலும் சூட்டையும் சேற்றையும் தாங்கும். விலை குறைந்த டிஸ்க் தட்டுகள் சிலவற்றில் ரெசின் பேட் மட்டுமே போட வேண்டும் என்று பொறித்திருப்பார்கள். அவற்றில் உலோகப் பேட் போட்டால் தட்டு தேய்ந்துபோகும். ஃபோர்க் அனுமதித்தால் முன்பக்கம் 160 மில்லிமீட்டருக்குப் பதிலாக 180 மில்லிமீட்டர் தட்டைப் போடுங்கள். அதே கைவிசைக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடிமானமும், சூடு பரவ அதிக இடமும் கிடைக்கும். செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடிக்கும்போது பின் டிஸ்க்கைத் துணியால் மூடிவிடுங்கள், எண்ணெய் ஊறிய பேட்டை மீட்பது அரிது.

ஏற்காடு கல்லூரி மாணவர்: நண்பர்கள் அனைவரும் 12 கியர் கேசட்டுக்கு மாறுகிறார்கள். அது நீடித்து உழைக்குமா?

பதில்: உழைக்கும், தம்பி, ஆனால் பராமரிப்பில் மன்னிப்பே கிடையாது. 12 கியரில் பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு என்பதால், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றதற்கு நகர்த்தும் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் சிறிது வளைந்தாலும் கியர் தாவும். மாணவரின் செலவுக்கு முன்னால் ஒற்றைச் செயின்வளையமும் பின்னால் 9 அல்லது 10 பல்சக்கரங்களும் கொண்ட அமைப்பே தகும். மைக்ரோஷிஃப்டின் அட்வென்ட் வரிசையும், 2023-இல் வந்த ஷிமானோ கியூஸ் வரிசையும் நல்ல தேர்வுகள். கியூஸில் பெரும்பாலானவை தடித்த பற்கள் கொண்ட லிங்க்கிளைடு கேசட்டைப் பயன்படுத்துகின்றன. இது தன் முந்தைய வகையைவிட மூன்று மடங்கு நீடிக்கும் என்று அந்நிறுவனம் கூறுகிறது. பழைய வரிசை ஷிஃப்டரோடு லிங்க்கிளைடு இணங்காது, எனவே ஷிஃப்டர், டிரெய்லியர், கேசட் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் ஓர் எஃகு ஸ்கேலை வைத்துக்கொள்ளுங்கள். புதிய செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணிகள் தள்ளியுள்ள பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்கும். அது பதினாறில் ஒரு அங்குலம் நீண்டதும் செயினை மாற்றிவிட்டால் கேசட் பிழைக்கும். எட்டில் ஒரு அங்குலம் வரை விட்டுவிட்டால் கேசட்டும் சேர்ந்து போய்விடும், அதன் விலை செயினைப்போலப் பல மடங்கு.

கொடைக்கானல் வாசகி: பதினான்கு வயது மகன், முன்னும் பின்னும் ஷாக் உள்ள சைக்கிளைத்தான் கேட்கிறான். எங்கள் வசதிக்குள் அப்படி ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அந்த விலையில் கிடைக்கும் பின் ஷாக் பெரும்பாலும் எண்ணெய்த் தணிப்பு இல்லாத வெறும் ஸ்பிரிங்தான். ஏற்றத்தில் மகன் மிதிக்கும் பலத்தை அது விழுங்கும், ஃபிரேமின் கீல்களில் உள்ள மெல்லிய புஷ்கள் விரைவில் ஆடத் தொடங்கும், அவற்றுக்கு மாற்றும் எளிதில் கிடைக்காது. அதே பணத்துக்குப் பின் ஷாக் இல்லாத அலுமினிய ஃபிரேமும், அகலமான நல்ல டயர்களும், ஃப்ரீஹப் சக்கரமும் கொண்ட சைக்கிளை வாங்கித் தாருங்கள். டயரில் காற்றைச் சற்றே குறைத்து வைத்தால் கல்பாதையின் அதிர்ச்சியில் ஒரு பகுதியை டயரே வாங்கிக்கொள்ளும்.

வால்பாறை வாசகர்: காட்டோரப் பாதைகளில் கடை ஏதும் இல்லை. எந்த உதிரிப் பாகங்களைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்?

பதில்: டியூபையும் பம்பையும் நீங்களே எடுத்து வைத்திருப்பீர்கள். பலர் மறப்பது உங்கள் ஃபிரேமுக்கு உரிய டிரெய்லியர் ஹேங்கர். விழும்போது டிரெய்லியரும் ஃபிரேமும் பிழைக்கட்டும் என்று தான் வளைந்துகொடுப்பதற்காகவே செய்யப்பட்ட பாகம் அது. ஃபிரேமுக்கு ஃபிரேம் அதன் வடிவம் மாறும் என்பதால், சைக்கிளை வாங்கும் அன்றே கூடுதலாக ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அதோடு செயினின் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணிகள் இரண்டு, செயின் வெட்டும் கருவி ஒன்று, ஒரு ஜோடி பிரேக் பேட், கியர் கேபிள் ஒன்று, ஆலன் கீ தொகுதி ஆகியவை சீட்டுக்கு அடியில் உள்ள சிறு பையிலேயே அடங்கிவிடும்.