பி.காமை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்கிறான்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பி.காம் இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டு, காமெடி நடிகனாகச் சென்னைக்குப் போவேன் என்று மகன் பிடிவாதமாக இருக்கிறான். "நாகேஷ் என்ன நடிப்புப் பள்ளியில் படித்துவிட்டா வந்தார்?" என்று அவன் கேட்டதற்கு உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான். ஆனால் கதையைப் பாதியிலிருந்து படித்திருக்கிறான்.

நாகேஷ் 1933-இல் தாராபுரத்தில் பிறந்தவர். சென்னையில் அவர் பார்த்தது ரயில்வேயில் குமாஸ்தா வேலை. ஒல்லி உடம்பு, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. இந்த முகத்தை எந்தத் தயாரிப்பாளர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அந்தக் காலத்தில் கதவு திறந்திருக்காது. அவருக்கு வழி திறந்தது ரயில்வேக்காரர்கள் போட்ட நாடகத்தில். வயிற்றுவலிக்காரராக ஒரு சின்ன வேடம். தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். அந்தச் சின்ன வேடத்தைக் கவனித்து மேடையிலேயே பாராட்டினார். அப்புறம் 1959-இல் 'தாமரைக்குளம்' படம். அதாவது வேலை, மேடை, சினிமா என்ற வரிசையில்தான் வந்தார்.

அவருக்கு வாழ்க்கை கொடுத்த கே. பாலசந்தரும் அப்போது ஏஜி ஆபீஸ் என்ற அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் ஊழியர்தான். பகலில் கணக்கு, மாலையில் ஒத்திகை. 'சர்வர் சுந்தரம்' முதலில் மேடை நாடகம். 1964-இல்தான் படமானது. 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' இரண்டும் இப்படித்தான், மேடையிலிருந்து திரைக்கு வந்தவை. இதை உங்கள் மகனுக்கு அழுத்திச் சொல்லுங்கள். கேமரா முன்னால் நின்றபோது நாகேஷுக்கு அந்தப் பாத்திரம் புதிது கிடையாது. எந்த வசனத்துக்குச் சபை சிரிக்கும், சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் விட வேண்டும், எந்த இடத்தில் விழுந்து எழுந்தால் கைதட்டல் வரும், எல்லாம் உயிருள்ள ஜனங்களிடம் சோதித்துப் பார்த்தவை. நகைச்சுவையில் இந்தச் சோதனைக்கு மாற்றே இல்லை. அழுகைக் காட்சியில் கொஞ்சம் தப்பினாலும் இசையமைப்பாளர் காப்பாற்றிவிடுவார். காமெடியில் அரை நொடி தப்பினால் யாராலும் முடியாது. நாகேஷ் படித்த பள்ளி அந்த மேடைதான்.

அவர் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள். கிரேஸி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் எழுதினார். விவேக் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தபடி ஹியூமர் கிளப்புக்குப் போனவர். சிவகார்த்திகேயன் திருச்சியில் பி.இ. படித்தவர், டி.வி. மேடையில் மிமிக்ரி செய்து கவனம் பெற்றவர்.

சபா நாடகங்கள் இப்போது முன்போல் இல்லை. மாலை வேலை முடிந்ததும் ஒத்திகைக்குக் கூடும் அலுவலகக் குழுக்களும் அருகிவிட்டன. ஆனால் மேடை வேறு வேஷத்தில் இருக்கிறது: கல்லூரி விழா, ஸ்டாண்ட்-அப் ஓப்பன் மைக் (புதியவர்களும் ஏறிச் சிரிக்கவைத்துப் பார்க்கும் மேடை), டி.வி. நிகழ்ச்சிகள். முறையாகப் படிக்க வேண்டுமானால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு முதுகலைப் படிப்பு உண்டு. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் பட்டயம் உண்டு. இரண்டுக்கும் முதலில் ஒரு பட்டம் கையில் இருக்க வேண்டும். தேசிய நாடகப் பள்ளி கூடவே நாடக அனுபவத்தையும் கேட்கும். ஆக, பி.காமை விடுவது அவன் ஆசைக்கே குறுக்கே நிற்கும். சென்னையில் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு இருக்கிறது. விஜய் சேதுபதி அங்கே முதலில் சேர்ந்தது கணக்கு எழுதும் வேலைக்கு. பி.காம் மாணவனிடம் இதைச் சொன்னால் ஒருவேளை காதில் விழும்!

ரயில்வேயிலும் கல்ச்சுரல் கோட்டா என்று கலைஞர்களுக்கு அவ்வப்போது ஆள் எடுக்கிறார்கள். இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவே.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான பயம். அறுபதுகளில் நாகேஷ் இல்லாத படம் அரிது. 1964-இல் 'காதலிக்க நேரமில்லை', மறு ஆண்டு 'திருவிளையாடல்' தருமி. தி.நகரில் சொந்தமாகத் தியேட்டரே கட்டினார். அதே மனிதருக்குப் பிறகு வாய்ப்புகள் சரிந்தன. 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லனாக வந்து மிரட்டினார். 'நம்மவர்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது கிடைத்தபோது அறுபது வயது தாண்டியிருந்தது. உச்சத்தில் இருந்தவருக்கே நடுவில் இவ்வளவு இடைவெளி என்றால், புதிதாக நுழைகிறவனுக்கு மாதச் சம்பளம் தரும் இன்னொரு தொழில் கையில் இருப்பது கௌரவக் குறைச்சல் ஆகாது.

இப்போதைக்கு அவனை மிரட்டாதீர்கள், சாபமும் விடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன ஒரு வருஷத்தில் தெரியாத ஜனங்கள் முன்னால் எத்தனை முறை மேடை ஏறினாய்? ரீல்ஸ் கணக்கில் வராது. பத்துக்கு மேல் என்றால் அவன் ஆசையை நீங்கள் மதிக்கத்தான் வேண்டும். ஒன்றோ இரண்டோ என்றால், மிச்சமிருக்கும் கல்லூரிக் காலத்தில் மாதம் ஒரு மேடையாவது ஏறட்டும்; பேருந்துச் செலவை நீங்களே கொடுங்கள். அவன் போடும் நிகழ்ச்சிக்கு வீட்டில் ஒருவராவது போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். யார் சிரிக்கிறார்கள், நண்பர்களா மற்றவர்களா என்று பாருங்கள்.

அப்புறம், படத்தில் வேஷம் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று எவராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நடிகனுக்குச் சம்பளம் கொடுப்பதுதான் வழக்கம், நடிகனிடம் வாங்குவது இல்லை. அடுத்த செமஸ்டர் கட்டணத்தைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டு, தேர்வு முடிந்ததும் இருவரும் சேர்ந்து என்னைப் பார்க்க வாருங்கள். அவன் மேடையில் பேசிய ஏதாவது ஒரு வீடியோவைக் கையோடு கொண்டுவரட்டும்.