சைட்டில் ரீல்ஸ் தெரியவில்லையா? புதிதாகக் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய தெருவில் ஆரி வொர்க் பிளவுஸ் கடை வைத்திருக்கிறேன். 2018-இல் என் சித்தி பையன் வேர்ட்பிரஸ்ஸில் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். இப்போது அவன் வெளியூரில். சைட்டில் போட்ட வீடியோக்களில் பாதி தெரிவதில்லை. நான் போட்டால் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் ஒழுங்காக வருகிறது. கடையில் வேலை பார்க்கும் பெண் அதையே போட்டால் ‘வியூ திஸ் போஸ்ட் ஆன் இன்ஸ்டாகிராம்’ என்ற எழுத்து மட்டும் நிற்கிறது. முகப்பின் அடியில் வரிசையாக வந்துகொண்டிருந்த இன்ஸ்டா படங்களைக் காணோம். யூடியூப் வீடியோவில் ‘எரர் 153’ என்று வருகிறது. 2019-இல் போட்ட சில பக்கங்களில் வெறும் வெள்ளைக் கட்டம். எல்லாம் பழசாகிவிட்டது, சைட்டையே புதிதாகச் செய்ய வேண்டும் என்று ஒரு கம்பெனியில் சொல்கிறார்கள். செய்துதான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருப்பது நான்கு கோளாறுகள். நான்குக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. சைட்டைப் புதிதாகக் கட்டினாலும் இவற்றில் மூன்று அப்படியே திரும்பி வர வாய்ப்புண்டு. பணம்தான் போகும்.

எம்பெட் என்பது பக்கத்து வீட்டு டிவியை நம் ஜன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி. வீடியோ உங்கள் சைட்டில் இல்லை. இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ ஓடுவதை உங்கள் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுக் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான். ஆகவே கோளாறு மூன்று இடத்தில் ஏதாவது ஒன்றில் இருக்கும்: அவர்கள் பக்கம், உங்கள் பக்கம், அல்லது பார்க்கிறவரின் போன். எங்கே என்று தெரியாமல் எம்பெட் கோடை (code) அழித்து அழித்து ஒட்டிக்கொண்டிருந்தால் நாள்தான் வீணாகும்.

எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். தெரியாமல் போன ரீலின் லிங்க்கை எடுத்து, ப்ரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறங்கள். உங்கள் இன்ஸ்டா அக்கவுண்ட்டில் லாகின் ஆகாத நிலையில் பார்ப்பது முக்கியம். ‘பக்கம் இல்லை’ என்று வந்தால் பதிவை நீக்கியிருக்கிறார்கள், அல்லது அக்கவுண்ட்டை பிரைவேட் ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் தொழிலில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. கல்யாணப் பெண் உங்கள் பிளவுஸைப் போட்டுக்கொண்டு ரீல் போடுவாள், நீங்கள் அதைச் சைட்டில் எம்பெட் செய்வீர்கள், வருடம் திரும்புவதற்குள் அவள் அக்கவுண்ட்டைப் பூட்டிவிடுவாள். பப்ளிக் அக்கவுண்ட்டாகவே இருந்தாலும், வெளிச் சைட்டில் எம்பெட் ஆகக் கூடாது என்று செட்டிங்கில் அணைத்து வைத்திருக்கலாம். இதற்கெல்லாம் உங்கள் சைட்டில் வைத்தியம் இல்லை. அவர்களிடம் கேட்டு ஒரு போட்டோ வாங்கிப் போடுங்கள்.

லிங்க் நன்றாகத் திறந்தால் கோளாறு நம் பக்கம். இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

நீங்கள் போட்டால் வருகிறது, கடைப் பெண் போட்டால் வரவில்லை. சாவி இந்த வரியில்தான் இருக்கிறது. அவருக்கு உங்கள் சைட்டில் ‘ஆத்தர்’ என்ற நிலையில் லாகின் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். டேஷ்போர்டில் ‘யூசர்ஸ்’ பகுதியைத் திறந்தால் பெயருக்கு நேரே ‘ரோல்’ என்று போட்டிருக்கும், பாருங்கள்.

இன்ஸ்டாகிராம் தரும் எம்பெட் கோடில் இரண்டு துண்டு உண்டு. முதல் துண்டு நீளமானது. பதிவின் முகவரியும், ‘வியூ திஸ் போஸ்ட்’ என்ற எழுத்தும் அதற்குள் இருக்கும். கடைசியில் ஒரே ஒரு வரி ஸ்கிரிப்ட். அந்த வரிதான் இன்ஸ்டாகிராமைக் கூப்பிட்டு, முதல் துண்டை வீடியோவாக மாற்றுகிறது. ஆத்தர் நிலையில் இருப்பவர் சேவ் செய்யும்போது ஸ்கிரிப்ட், ஐஃப்ரேம் (வெளி வீடியோவைக் காட்டும் கட்டத்தின் கோடு) இரண்டையும் வேர்ட்பிரஸ் சத்தமில்லாமல் வெட்டிவிடும். யாரோ ஒருவர் சைட்டுக்குள் விஷமக் கோடைச் செருகிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஸ்கிரிப்ட் போனதும் மீதி நிற்பது வெறும் எழுத்து. நீங்கள் பார்ப்பது அதைத்தான். இன்னொரு விவகாரமும் இருக்கிறது: அந்தப் பெண் போட்ட பதிவில் நீங்கள் கோடைச் சரிசெய்து வைத்திருந்தாலும், அவர் அதைத் திறந்து விலையை மட்டும் திருத்தி சேவ் செய்தால் அந்த வரி போய்விடும். ‘நேற்று வந்தது, இன்று வரவில்லை’ என்கிற புகார்களில் பல இப்படிப் பிறப்பவைதான்.

இதற்கு அவருக்கு அட்மின் லாகின் கொடுத்துவிடாதீர்கள். ‘எடிட்டர்’ நிலைக்கு உயர்த்தினாலே வெட்டுப்படாது. அதுவும் வேண்டாம் என்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. அந்த ஒரு வரி ஸ்கிரிப்டை மட்டும், ஹெடர்-ஃபுட்டரில் (பக்கத்தின் தலையிலும் அடியிலும்) கோடு சேர்க்கும் பிளக்கின் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணை நிரல்) ஒன்றின் மூலம் ஃபுட்டரில் ஒரே முறை போட்டுவிடுங்கள். பிறகு கடைப் பெண் ஒட்டும் கோடில் ஸ்கிரிப்ட் வெட்டுப்பட்டாலும் கவலையில்லை. முதல் துண்டு தப்பிவிடும், ஃபுட்டரில் இருக்கும் ஸ்கிரிப்ட் அதைத் தேடி எடுத்து வீடியோவாக்கும். எல்லாப் பக்கத்திலும் அந்த ஸ்கிரிப்ட் இறங்குவது ஒரு சுமைதான். ரீல்ஸ் உள்ள பக்கங்களில் மட்டும் இறங்கும்படி பிளக்கினில் அமைக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள். கோடை ஒட்டும்போது பத்திக்குள் ஒட்டக் கூடாது, ‘கஸ்டம் ஹெச்டிஎம்எல்’ பிளாக்கில் ஒட்ட வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

வெறும் லிங்க்கை ஒட்டினாலே ரீல் வந்த காலம் ஒன்று இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. உங்கள் சைட் பிறந்த 2018-இல் அப்படித்தான். 2020 அக்டோபர் 24 முதல் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அந்த வசதியைத் திறந்த வாசலாக வைத்திருப்பதை நிறுத்திவிட்டன. பதிவு செய்த ஆப்பும் டோக்கனும் (அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு ரகசியக் குறியீடு) இருந்தால்தான் பதில் கிடைக்கும். யூடியூப் அந்த வாசலை மூடவில்லை, லிங்க்கைத் தனி வரியில் ஒட்டினால் போதும். அதுவும் சில சமயம் வெறும் லிங்க்காகவே நிற்கும். ஒருமுறை பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையே வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துக்கொள்வதால் வரும் வினை அது. யூடியூபில் ‘ஷேர்’ அழுத்தி எடுத்த youtu.be லிங்க்கின் வாலில் கேள்விக்குறியும் அதற்குப் பின்னால் ஏதோ எழுத்துகளும் இருக்கும். அந்த வாலை நறுக்கிவிட்டு மறுபடி ஒட்டுங்கள் (‘watch?v=’ என்று வரும் லிங்க்கில் மட்டும் நறுக்காதீர்கள், அங்கே கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதுதான் வீடியோவின் அடையாளம்). புது முகவரி என்று நினைத்து மறுபடி கேட்கும்.

முகப்பில் வரிசையாக வந்த படங்கள் தனிக் கதை. அது எம்பெட் இல்லை, ஃபீட். உங்கள் இன்ஸ்டா அக்கவுண்ட்டிலிருந்து ஒரு பிளக்கின் படங்களை இழுத்துவந்து காட்டிக்கொண்டிருந்தது. சாதாரண பர்சனல் அக்கவுண்ட்டுகளுக்கு அப்படி இழுக்க உதவிய ‘பேசிக் டிஸ்ப்ளே ஏபிஐ’ என்ற ஏற்பாட்டை, இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா 2024 டிசம்பர் 4 அன்று மூடிவிட்டது. படங்கள் அந்தச் சமயத்தை ஒட்டிக் காணாமல் போயிருந்தால் காரணம் அதுதான். அக்கவுண்ட்டை பிசினஸ் அல்லது கிரியேட்டர் வகைக்கு மாற்றுங்கள். காசு கேட்க மாட்டார்கள், கடைக்கு எப்படியும் அதுதான் பொருத்தம். பிறகு பிளக்கினை அப்டேட் செய்து, அக்கவுண்ட்டைத் துண்டித்து மறுபடி இணையுங்கள்.

மறுபடி இணைத்தும் இரண்டு மாதத்தில் திரும்பப் போய்விட்டது என்று சிலர் வருவார்கள். இன்ஸ்டாகிராம் கொடுக்கும் நீண்ட நாள் டோக்கனுக்கு ஆயுள் 60 நாள். அதற்குள் பிளக்கின் தானாகவே அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அந்த மாதிரி வேலைகளை வேர்ட்பிரஸ் கடிகாரம் பார்த்துச் செய்வதில்லை. யாராவது சைட்டைத் திறக்கும்போதுதான் ‘ஏதாவது பாக்கி இருக்கிறதா’ என்று பார்க்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஆர்டர் இல்லாமல் சைட் பக்கம் ஆளே வராவிட்டால் புதுப்பிப்பு தள்ளிப்போகும். இன்ஸ்டா பாஸ்வேர்டை மாற்றினாலும் டோக்கன் செத்துவிடும். பாஸ்வேர்டு மாற்றிய கையோடு பிளக்கினையும் ஒருமுறை இணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

‘எரர் 153’ பயமுறுத்தும் பெயர், எளிய நோய். எந்தச் சைட்டிலிருந்து தன் வீடியோவைக் கேட்கிறார்கள் என்று யூடியூப் தெரிந்துகொள்ள விரும்புகிறது. ப்ரவுசர் அந்த முகவரியைச் சொல்லாவிட்டால் இந்த எரரைக் காட்டும். சொல்லாமல் இருப்பதற்கு உங்கள் சைட்டே காரணமாக இருக்கலாம்: செக்யூரிட்டி பிளக்கினோ ஹோஸ்டிங் செட்டிங்கோ ‘ரெஃபரர் பாலிசி’ (முகவரியை எப்போது சொல்லலாம் என்ற விதி) என்பதை ‘நோ-ரெஃபரர்’ அல்லது ‘சேம்-ஆரிஜின்’ என்று வைத்திருக்கும். வீடியோ ஒன்றிரண்டுதான் என்றால் யூடியூபில் அந்த வீடியோவின் ‘ஷேர்’ அழுத்தி, ‘எம்பெட்’ கோடைப் புதிதாக எடுத்து உங்கள் லாகினிலேயே ஒட்டுங்கள். இப்போது யூடியூப் தரும் கோடிலேயே சரியான ரெஃபரர் பாலிசி சேர்ந்து வருகிறது. உங்கள் சைட்டின் விதியைவிட அந்தக் கட்டத்துக்கு அதுதான் செல்லுபடியாகும். பத்துப் பதினைந்து வீடியோ என்றால், அந்த விதியைப் பக்கத்தோடு ப்ரவுசருக்கு அனுப்பும் ஹெடரையே மாற்றுவது நல்லது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

153 இல்லாமல், வேறு வெப்சைட்டுகளில் ஓட்டுவதை உரிமையாளர் தடுத்திருக்கிறார் என்று வந்தால் அது வேறு. வீடியோ உங்களுடையது என்றால் யூடியூப் ஸ்டூடியோவில் ‘அலவ் எம்பெடிங்’ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள்.

2019 பக்கங்களின் வெள்ளைக் கட்டம் டிக்டாக் வீடியோவாக இருக்கும் என்பது என் ஊகம். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் தடை செய்யப்பட்ட 59 ஆப்களில் அது ஒன்று. அங்கே போய்த் தேடாதீர்கள். பழைய போனிலோ கூகுள் போட்டோஸிலோ அந்த வீடியோ இருந்தால் யூடியூபில் ஏற்றிப் போடுங்கள், இல்லையென்றால் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் சில இடங்களில் முரண்டு பிடிக்கும். கேஷ் (cache, பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டுவது) பிளக்கின் இருந்தால் கேஷைக் காலி செய்யாமல் சோதித்துப் பார்க்காதீர்கள். பழைய பக்கத்தையே காட்டி ஏமாற்றும். பக்கம் திறந்ததும் கட்டம் காலி, திரையில் விரலை வைத்து நகர்த்தியதும் வீடியோ வருகிறது என்றால், சைட்டை வேகப்படுத்தப் போட்ட பிளக்கின் ஸ்கிரிப்ட்டைத் தாமதப்படுத்துகிறது. அந்தப் பிளக்கினின் விலக்குப் பட்டியலில் இன்ஸ்டாகிராம் ஸ்கிரிப்ட்டைச் சேருங்கள். ஒரே ஒரு வாடிக்கையாளர் மட்டும் தெரியவில்லை என்றால் அவர் போனில் ஆட் பிளாக்கரோ, பிரேவ் மாதிரி ப்ரவுசரோ இருக்கும். விட்டுவிடுங்கள். எதுவும் பிடிபடவில்லை என்றால் கம்ப்யூட்டரில் எஃப் 12 அழுத்தி ‘கன்சோல்’ பகுதியில் சிவப்பு வரிகளைப் பாருங்கள். ‘கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி’ என்று இருந்தால் உங்கள் சைட்டின் பாதுகாப்பு விதி தடுக்கிறது. ‘மிக்ஸ்ட் கன்டென்ட்’ என்று இருந்தால் ஒட்டிய கோடில் முகவரி பழைய ஹெச்டிடிபி-யாக இருக்கிறது, ஓர் ‘எஸ்’ சேர்க்க வேண்டும்.

இத்தனையும் சொன்னாலும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதி எம்பெட்டை எடுத்துவிடுவேன். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் வந்து இறங்கும் பெண்ணோ, மீஞ்சூரிலிருந்து மகளுக்குத் துணி எடுக்க வரும் அம்மாவோ உங்கள் சைட்டைத் திறப்பது கழுத்து டிசைனையும் விலையையும் பார்க்க. ஒரே பக்கத்தில் ஆறு ரீல்ஸ் இருந்தால் மொபைல் டேட்டாவில் பக்கம் திறப்பதற்குள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். முதுகுப் பக்க வேலைப்பாடு, கைப் பார்டர், ஜர்தோசி நெருக்கத்தில், இப்படி மூன்று போட்டோவை நீங்களே எடுத்து உங்கள் சைட்டிலேயே ஏற்றுங்கள். அடியில் ‘ரீல் பார்க்க’ என்று ஒரு லிங்க். இன்ஸ்டாகிராம் நாளை எந்த வாசலை மூடினாலும் போட்டோ அங்கேயே இருக்கும். ஊசி எப்படி ஓடுகிறது என்று காட்டும் வீடியோ ஒன்றை மட்டும் எம்பெட்டாக வையுங்கள். அதைப் போட்டோவில் காட்ட முடியாது. வாடிக்கையாளர் முகம் தெரியும் படமென்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: அந்தக் காலத்துச் சைட்டுகளில் பக்கத்தின் அடியில் ஃபேஸ்புக் லைக் பட்டனும் கமென்ட் பெட்டியும் வைப்பது வழக்கம். இரண்டையும் 2026 பிப்ரவரி 10 அன்று நிறுத்துவதாக மெட்டா அறிவித்தது. உங்கள் சைட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டாம். ஹோஸ்டிங் சப்போர்ட்டுக்கு மட்டும் ஒரு டிக்கெட் போடுங்கள்: “எங்கள் சைட் அனுப்பும் ரெஃபரர் பாலிசி ஹெடரை ‘ஸ்ட்ரிக்ட்-ஆரிஜின்-வென்-கிராஸ்-ஆரிஜின்’ என்று மாற்றித் தரவும். கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி இருந்தால் அதில் யூடியூப், இன்ஸ்டாகிராம் இரண்டையும் அனுமதிக்கவும்.” செக்யூரிட்டி பிளக்கின்தான் அந்த ஹெடரைப் போடுகிறது என்று அவர்கள் சொன்னால், அதன் செட்டிங்கில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.