பதில்: பையன் யாருக்கும் பாஸ் கொடுப்பதில்லை, தோற்றால் சண்டை

வணக்கம் சார். 8 வயதுப் பையன் கால்பந்து ஆடும்போது பந்தை விடுவதே இல்லை, தோற்றால் அழுது சண்டை போடுகிறான், மற்ற பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதைச் சுயநலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வயதில் கண் பந்தை விட்டு நிமிராது, அவ்வளவுதான். கோட்டுக்கு வெளியே நின்று "பாஸ் கொடுடா" என்று கத்தினால் பந்தைப் பயத்தில் எங்கேயாவது தட்டிவிடுவான்.

8 மீட்டர் சதுரம் போடுங்கள். மூலைக்கு ஒரு செருப்பு போதும். நாலு பேர் ஓரத்தில், பந்தைப் பறிக்க ஒருவன் நடுவில். உதைக்கும் முன் வாங்குபவன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லத் தலை நிமிர்ந்தே ஆகணும், சூட்சுமம் அங்கேதான். நடுவில் நிற்பவனை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பந்தைப் பறிகொடுத்தவன்தான் நடுவே என்று வைத்தால் உங்கள் பையனே அங்கே மாட்டிக்கொண்டு அழுவான். இரண்டு பாஸுக்குள் பந்து பறிபோனால் சதுரம் சின்னது, 10 மீட்டர் ஆக்குங்கள்.

பிறகு 4க்கு 4 மேட்ச், கோல்கீப்பர் வேண்டாம். பாஸ் வாங்கி அடித்த கோலுக்கு 2 புள்ளி.

தோற்ற அன்று முதலில் எதிரணிக்குக் கை கொடுக்கட்டும், அழுதுகொண்டே என்றாலும் சரி. வண்டியில் திரும்பும்போது மேட்ச் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள்.