டயர் சைஸ் மாத்துறதுக்கு முன்னாடி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் கார்ல இருக்கறது 185/65 ஆர்15. 205/65 ஆர்15 போடலாம்னு இருக்கேன். அகலம் மட்டும்தானே கூடும், ஸ்பீடோமீட்டருக்கு என்ன ஆகப்போகுது?

பதில்: அகலம் மட்டும் இல்ல தம்பி, இங்கதான் நெறைய பேர் ஏமாந்துடுறாங்க. அந்த 65ங்கறது மில்லிமீட்டர் இல்ல, அகலத்துல 65 சதவீதம் சைடுவால் (ரிம்முக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற டயரோட பக்கச் சுவர்) உயரம்னு அர்த்தம், அதனால அகலம் கூடினா உயரமும் தானா கூடிடும். கணக்கு போட்டே பாத்துடலாம். 185ல 65 சதவீதம் 120.25, மேலயும் கீழயும் சேத்து 240.5, ரிம் 15 இன்ச் அதாவது 381, ஆக மொத்த உயரம் 621.5 மி.மீ. இதே மாதிரி 205க்கு போட்டா 647.5 வருது, அதாவது 4 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல. மீட்டருக்கு நீங்க டயர் மாத்துனது தெரியாது, சக்கரம் எத்தன சுத்து சுத்துதுன்னு வெச்சுதான் வேகத்த காட்டும், பெரிய டயர் ஒவ்வொரு சுத்துக்கும் கூடுதல் தூரம் போறதால பழைய டயர்ல நிஜமா 100ல போனப்ப முள் எங்க நின்னுச்சோ அதே எடத்துல இப்ப 104ல போய்ட்டிருப்பீங்க. ஓடின கிலோமீட்டரும் கம்மியா ஏறும், மைலேஜ் விழுந்துட்ட மாதிரி தெரியும். அகலம் வேணும்னா 205/60 பாருங்க, 627தான், வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்ல.

கேள்வி: சார், என் மீட்டர் ஜிபிஎஸ்ஸ விட கூடவே காட்டுது. அப்போ பெரிய டயர் போட்டா சரியாயிடும்ல?

பதில்: அது வேணும்னே அப்படி வெச்சிருக்கறது. ஐநாவோட 39ஆம் விதிப்படி மீட்டர் நிஜ வேகத்த விட கம்மியா காட்டவே கூடாது, கூட காட்டலாம், அதுவும் 10 சதவீதமும் 4 கி.மீ.யும் சேர்ந்த அளவுக்குள்ள. டயரோட காடி ஆழம் 8 மி.மீ.ல இருந்து 1.6 வரைக்கும் தேஞ்சாலே 2 சதவீதம் கிட்ட கூட காட்டும். அந்த இடைவெளி உங்க பாதுகாப்புக்கு, தயவுசெஞ்சு அத தின்னுடாதீங்க.

கேள்வி: பெரிய டயர் போட்டாச்சு. நேரா போறப்ப ஒண்ணும் இல்ல, நாலு பேர் ஏறி ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா உரசுது.

பதில்: லோடு ஏறி சஸ்பென்ஷன் அமுங்குது, அதான். ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு வெச்சு உள் லைனர் (சக்கரத்துக்கு மேல இருக்கற பிளாஸ்டிக் மூடி), மட்ஃப்ளாப், ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் இருக்கற தூண்) எங்கெல்லாம் தேஞ்ச தடம் இருக்குன்னு டார்ச் அடிச்சு பாருங்க. சைடுவால்ல தடம் இருந்தா அந்த டயரோட ஓட்டாதீங்க, வெடிக்கற அபாயம் இருக்கு. ரிம் ஆஃப்செட் (சக்கரம் எவ்ளோ உள்ளயோ வெளியவோ தள்ளி உக்காருதுங்கற அளவு) மாத்தியிருந்தா அதையும் செக் பண்ணுங்க.

கேள்வி: பைக் பின் டயர் 130/70-17. 140/70 போட்டா மீட்டர் மாறுமா?

பதில்: சென்சார் முன் சக்கரத்துல இருந்தா மாறாது. கியர்பாக்ஸ்ல இருந்தா 2 சதவீதம் கம்மியா காட்டும். அதவிட முக்கியம், டயர்ல இருந்து செயினுக்கும், ஸ்விங்கார்முக்கும் (பின் சக்கரத்த தாங்குற கை) எவ்ளோ இடைவெளி இருக்குன்னு அளந்துட்டு வாங்குங்க.

கேள்வி: லோடு இண்டெக்ஸ் 88 போட்டிருக்கு, 84 கிடைக்குது, பரவால்லயா?

பதில்: வேண்டாங்க. 88னா ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84னா 500தான். சைஸ் சரியா இருந்தாலும் 88க்கு கீழ எறங்காதீங்க.