பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் கடலுக்கு சைக்கிளில்: கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களோடு சைக்கிள் மிதிக்க வரும் புதியவர்கள் எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "திருச்செந்தூர் எப்போ போகலாம்?" பாளையங்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர், போய்வர 110. அதைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி (கல்லூரி மாணவர், பெருமாள்புரம்): அண்ணாச்சி, தினமும் கல்லூரிக்குப் போய்வர 12 கிலோமீட்டர் மிதிக்கிறேன். 110 தாங்குமா?

தாங்கும் தம்பி, ஆனால் வருகிற ஞாயிறே வேண்டாம். முதல் வாரம் கிருஷ்ணாபுரம் கோயில்வரை போய்வாருங்கள். அடுத்த வாரம் ஆதிச்சநல்லூர். அதற்கடுத்து ஸ்ரீவைகுண்டம் பாலம்வரை போய்த் திரும்பினால் 50 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். மறுநாள் காலையில் மாடிப்படி ஏற முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் திருச்செந்தூருக்குத் தயார்.

மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். அதற்கு மேல் போக முடியும் என்றாலும் 15தான் கணக்கு. நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் ஒரு வழிக்கு நாலரை மணி நேரம். காலை நாலரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குக் கடலில் கால் நனைக்கலாம். திரும்பும்போதும் அதே நாலரை மணி நேரம் வேண்டும், களைப்புக்கு இன்னும் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். அதனால் முதலில் திரும்பும் நேரத்தை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பக் கிளம்பும் நேரத்தை வையுங்கள். நம்மாட்களில் முக்கால்வாசிப் பேர் போவதை மட்டும்தான் திட்டமிடுகிறார்கள்.

கேள்வி (வண்ணாரப்பேட்டை): எந்த மாதம் போவது நல்லது? ஜூன், ஜூலையில் வெயில் குறைவாக இருக்குமே?

வெயில் குறைவுதான், காற்றைக் கேட்டீர்களா? தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் பாய்கிற காலம் அது. அங்கே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. நம் சாலை கிழக்கு, தென்கிழக்காகப் போகிறது. மேல்காற்று முதுகில் தள்ளுவதால் போகும்போது மூன்று மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிட்டு, "ஆகா, நமக்கு இவ்வளவு தெம்பா!" என்று நினைப்போம். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். குரும்பூர் தாண்டி வாழைத்தோட்டம் முடிந்து வெட்டவெளி வருகிற இடங்களில் மணிக்கு 9, 10 கிலோமீட்டர்தான் போக முடியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றவர்கள் சைக்கிளைப் பற்றிச் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதும், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டதும் நினைவிருக்கும். எல்லா ஆண்டும் அப்படி இல்லை. ஆனாலும் தாமிரபரணிக் கரையோரச் சாலை என்பதை மறக்கக்கூடாது. ஏப்ரல், மே வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது தையும் மாசியும். காலையில் லேசான வாடைக்காற்று இடது பக்கத்திலிருந்து வரும், பெரிய தொந்தரவு இல்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும். அது தென்கிழக்கிலிருந்து வருவதால் திரும்பும்போது முதுகில் இருக்கும். கடலோரத்தில் கிடைக்கிற அந்த உதவி உள்ளே வர வர குறைந்துவிடும். இருந்தாலும் களைத்துப்போன காலுக்கு அந்தத் தள்ளல் பெரிய விஷயம். காற்று எந்தப் பக்கம் என்று தெரிய செயலி எல்லாம் வேண்டாம், கொடிக்கம்பத்தையும் பனை ஓலையையும் பார்த்தாலே போதும்.

கேள்வி (மேலப்பாளையம்): பிளஸ் ஒன்னில் பள்ளியில் கொடுத்த சைக்கிள்தான் இருக்கிறது. கியர் சைக்கிள் வாங்கினால்தான் முடியுமா?

இந்தச் சாலையில் ஏற்றமே கிடையாது. பாளையங்கோட்டையிலிருந்து கடல்வரை மொத்தமே ஐம்பது மீட்டர் சொச்சம்தான் இறக்கம், கண்ணுக்கே தெரியாது. கியர் இல்லாமல் தாராளமாகப் போகலாம். மூன்று வேலை மட்டும் முதல் வாரமே செய்துவிடுங்கள்: இரண்டு சக்கரத்துக்கும் பேரிங்கில் கிரீஸ் வைப்பது, தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றுவது, சீட்டை உயர்த்துவது.

சீட்டு விஷயம்தான் எல்லோரும் விடுகிற இடம். கால் இரண்டும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள், கால் நேராக நீள வேண்டும். அப்படி வைத்துவிட்டால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும். முழங்கால் வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்கிற வைத்தியம் இதுதான்.

கேள்வி (தியாகராஜ நகர்): நான்குவழிச் சாலையில் தூத்துக்குடி போய், அங்கிருந்து கடலோரமாக வந்தால் என்ன? சாலை அகலமாக இருக்குமே.

அகலமாகத்தான் இருக்கும். நிழல் இருக்காது, லாரி இருக்கும், தூரமும் 90 கிலோமீட்டர் ஆகிவிடும். ஆத்தூர், காயல்பட்டினம் வழி நல்ல வழிதான், அதைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு விட்டுவிடுவோம்.

நம் பழைய சாலையில் கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆதிச்சநல்லூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர், அம்மன்புரம் என்று சில கிலோமீட்டருக்கு ஒரு ஊர். ஊர் என்றால் டீக்கடை, பஞ்சர் கடை, தண்ணீர். சாலை குறுகல், பேருந்துக்காரர்கள் அவசரக்காரர்கள், அதனால் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். ஆதிச்சநல்லூரில் சாலையோரம் தெரிகிற பரம்பு மேட்டில்தான் 1876இல் ஜெர்மன்காரரான யாகோர் அகழாய்வு செய்தார், பிறகு அலெக்சாண்டர் ரியா. குழியில் இருக்கிற முதுமக்கள் தாழிகளைக் கண்ணாடிக்கு மேலே நின்று பார்க்கும்படி இப்போது அமைத்திருக்கிறார்கள். காலையில் போகும்போது திறந்திருக்காது, திரும்பும்போது உங்களுக்கு நிற்கத் தெம்பிருக்காது. தனியாக ஒரு நாள் அதற்கென்றே வாருங்கள்.

கேள்வி (சமாதானபுரம்): போன மாதம் கிருஷ்ணாபுரம் தாண்டி இரண்டு முறை பஞ்சர். டியூப் மாற்றியும் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கிவிட்டது. டியூப் மோசமா?

டியூப் மேல் பழி போடாதீர்கள். முள் டயரிலேயே இருந்திருக்கும். இந்தப் பக்கம் முழுக்க உடைமரமும் சீமைக்கருவேலும்தான். உடைமுள் வெள்ளையாக, ஊசிபோல நீளமாக இருக்கும். டயரில் ஏறியதும் வெளியே இருக்கிற பகுதி ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. புது டியூப் போட்டுக் காற்றடித்தவுடன் அந்த நுனி மறுபடி குத்தும்.

டயரைக் கழற்றியதும் உள்பக்கம் முழுக்க விரல் நுனியால் மெதுவாக ஒரு சுற்று தடவுங்கள். வேகமாகத் தடவினால் விரலில் ஏறும். தட்டுப்பட்ட இடத்தில் வெளியிலிருந்து டயரை மடக்கினால் நுனி உள்ளே எட்டிப் பார்க்கும். நகவெட்டியோ சிறு குறடோ வைத்துப் பிடுங்குங்கள். டியூபில் ஓட்டை இருந்த இடத்தை டயரோடு சேர்த்துப் பார்த்தால் தேடுகிற வேலை பாதியாகக் குறையும், அதற்காகவே டியூபை உருவுமுன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: ஒரு புது டியூப், பேட்ச், சோல்யூஷன், ஒரு துண்டு உப்புத்தாள், இரண்டு டயர் நெம்பி, கைப்பம்பு. பழைய வகை வால்வு என்றால் வால்டியூப் (வால்வின் மேல் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய்) ஒரு சாண் நீளம், விலை ஒன்றுமில்லை, இல்லாவிட்டால் அதற்காகவே நடக்க வேண்டிவரும். அப்புறம், ஓய்வுக்கு நிற்கும்போது சைக்கிளை மரநிழலுக்கு உருட்டிக்கொண்டு போகாதீர்கள். தாரிலேயே ஓரமாக நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் நிழலுக்குப் போங்கள். அந்த நிழலே பெரும்பாலும் உடைமர நிழல்தான்.

கேள்வி (கே.டி.சி. நகர், இல்லத்தரசி): நானும் தோழியும் வர ஆசைப்படுகிறோம். கழிப்பறை, உடை, உட்காரும் இடத்து வலி, இதெல்லாம் யாரும் சொல்வதில்லை.

நல்ல கேள்விம்மா, ஆண்களும் கேட்க வேண்டியது. கழிப்பறைக்கு பெட்ரோல் பங்குதான் நம்பகமானது. முதல் பயிற்சியின்போதே எந்தெந்த பங்கில் சுத்தமாக இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள்தான் பாதி வழியில் தலைசுற்றி உட்காருகிறார்கள். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர்வரை உள்ளே போக வேண்டும், அதில் ஒரு பாட்டிலில் உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) இருக்கட்டும்.

சுடிதார் தாராளமாகப் போதும். துப்பட்டாவை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், சக்கரத்தில் சிக்கும். பேண்ட் கணுக்காலில் இறுக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் ரப்பர் வளையம் போடுங்கள். வலிக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளாடையின் தடித்த தையல். தையல் உரசாத பருத்தித் துணியும், உரசுகிற இடத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் போதும். மெத்தென்ற ஜெல் சீட் உறை முதல் 20 கிலோமீட்டர் சுகமாக இருக்கும், அதன்பிறகு அதுவே உரசும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று நாலு மிதி மிதியுங்கள்.

கேள்வி (டவுண்): வழியில் என்ன சாப்பிடுவது?

கிளம்புமுன் இரண்டு இட்லி. பிறகு முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு நாட்டுப்பழம், கடலைமிட்டாய் ஒரு துண்டு. பசி வந்தபிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். மாசிக்குமேல் போனால் வழியில் பதநீர் கிடைக்கும், குடியுங்கள். பரோட்டா சால்னா வீடு திரும்பியபிறகு.

கேள்வி (ஜங்ஷன்): வைகாசி விசாகத்தன்று போனால் சாமி தரிசனமும் ஆகுமே?

வேண்டாம். தைப்பூசம், மாசித் திருவிழா, பங்குனி உத்திரம், சூரசம்ஹாரம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பச்சை உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் இருட்டில் சாலையின் இடது ஓரத்தில்தான் நடப்பார்கள், அது நாம் போகிற அதே இடம். பௌர்ணமி இரவைக் கடற்கரையில் கழிக்க வருகிற கூட்டமும் இப்போது அதிகம். சாதாரண செவ்வாயோ புதனோ லீவு போட்டுப் போங்கள்.

கேள்வி (மகாராஜநகர்): போவது மிதித்து, திரும்புவது வண்டியில் என்றால் கேவலமா?

யார் சொன்னது? முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு குட்டி யானை பேசி சைக்கிள்களைப் போர்வை விரித்து ஏற்றிவிடலாம், நீங்கள் பேருந்தில் வரலாம். திருச்செந்தூர்–திருநெல்வேலி ரயிலும் உண்டு, ஆனால் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்ய முடியுமா, எந்த ரயிலில் ஏற்றுவார்கள் என்று முன்கூட்டியே நிலையத்தில் போய்க் கேளுங்கள். ரயில் புறப்படுகிற நேரத்தில் போய்க் கெஞ்சினால் நடக்காது.

திரும்ப வண்டி உறுதியாக இருக்கிறது என்றால் திருச்செந்தூரோடு நிற்காதீர்கள். ஆலந்தலை, குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடுவரை இன்னும் 20 கிலோமீட்டருக்குள்தான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல்மேட்டின் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். கூட்டமே இல்லாத கடற்கரை வேண்டுமென்றால் அதுதான்.

கேள்வி (பாளை மார்க்கெட்): கடலில் குளித்துவிட்டுத் திரும்பி மிதிக்கலாமா?

குளியுங்கள், ஆனால் உடம்பில் உப்போடு ஏறாதீர்கள். காய்ந்த உப்பு தொடையிடுக்கில் உப்புத்தாள் வேலையைத்தான் செய்யும். நாழிக்கிணற்றிலோ குளியலறையிலோ நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்த உடை மாற்றிக்கொள்ளுங்கள். கடல் உள்வாங்கியிருக்கிற நாளில் பாசி பிடித்த பாறைகள் வெளியே தெரியும், அதன்மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டாம். சைக்கிளை மணலில் இறக்காதீர்கள், செயினில் மணல் புகுந்தால் வழி முழுக்கக் கரகரக்கும். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அசதியாக இருந்தாலும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டபிறகு படுங்கள். மறுநாள் என்று விட்டால் செயினில் செம்மண் நிறத்தில் துரு ஏறியிருக்கும்.