திரும்பி வரும் எடை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 44. சென்ற ஆண்டு மிகக் கடுமையான ஓர் உணவுமுறையைப் பின்பற்றி மூன்று மாதங்களில் 13 கிலோ குறைத்தேன். அடுத்த எட்டு மாதங்களில் அத்தனையும் திரும்பி வந்ததோடு 2 கிலோ கூடவும் ஏறிவிட்டது. எனக்கு மனவுறுதி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். அடுத்த மாதம் அதே முறையை இன்னும் கண்டிப்பாகத் தொடங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்று மாதம் பசியோடு இருந்து காட்டிய ஒருவருக்கு மனவுறுதி இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் போரிட்டது உங்கள் உடலோடு. எடை குறைவதை உடல் ஒரு பஞ்சமாகவே எடுத்துக்கொண்டு, இழந்ததை மீட்பதற்கான வேலைகளை உடனே தொடங்கிவிடுகிறது. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோனை ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வுக்குழு 1994இல் கண்டறிந்த பிறகுதான் இது ஓரளவு தெளிவாயிற்று. கொழுப்பு குறையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை அதை அபாய அறிவிப்பாகக் கொண்டு பசியைக் கூட்டி, உடலின் எரிபொருள் செலவைச் சுருக்குகிறது.

இந்தச் சுருக்கம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை, போட்டி முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் மீண்டும் பரிசோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அப்படியிருந்தும், அவரவர் உடலளவுக்கு ஓய்வு நிலையில் செலவாக வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே அவர்களுடைய உடல் செலவழித்துக்கொண்டிருந்தது. உங்களுக்கும் இதே அளவுக்கு நேர்ந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை; அவர்கள் குறைத்தது மிகப் பெரிய எடை. ஆனால் விட்ட இடத்திலிருந்து பழையபடி சாப்பிடத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, முதல் இரண்டு வாரங்களில் தராசு காட்டிய வேகத்தில் நீருக்கும் பெரும்பங்கு உண்டு. உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து, தன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உணவைத் திடீரென்று வெட்டினால் இரண்டும் சேர்ந்தே வெளியேறுகின்றன. அதன்பின் பட்டினியின் அளவுக்கேற்பத் தசையும் கரைகிறது. எடை திரும்பும்போது கொழுப்பு முந்திக்கொள்கிறது, தசை பின்தங்குகிறது. ஆகவே அதே முறையை ‘இன்னும் கண்டிப்பாக’ மறுபடி செய்வது முன்பைவிடக் கடினமான இடத்திலிருந்து தொடங்குவதாகவே அமையக்கூடும்.

எடையைக் குறைக்கும் திட்டத்துக்கு முன்னால், குறைந்ததைக் காப்பதற்கான திட்டத்தை எழுதிக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. எந்த மாற்றத்தை நாற்பத்தொன்பது வயதிலும் சலிப்பில்லாமல் செய்துகொண்டிருப்பீர்களோ அதை மட்டும் இப்போது தொடங்குங்கள். அப்படிப் பார்த்தால் பட்டியல் சிறியதாகிவிடும். ஒவ்வொரு வேளையிலும் போதிய புரதமும் காய்கறியும், இனிப்புப் பானங்களை விடுவது, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி, நடை, தூக்கம். நடையால் மட்டுமே எடை பெரிதாக இறங்கிவிடாது. இறங்கிய எடையை நிறுத்தி வைப்பதில்தான் அதன் பயன் அதிகம். பொட்டலத்தில் வரும் ஆலைத் தயாரிப்பு உணவுகளைக் குறைப்பதைப் பட்டியலில் முதலிடத்தில் வைப்பேன். ஹாலின் குழு 2019இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சர்க்கரையும் கொழுப்பும் நார்ச்சத்தும் சமமாக இருக்கும்படி ஆலைத் தயாரிப்பு, அப்படி அல்லாதது என இருவகை உணவுகளை முன்வைத்து, வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று 20 பேரை விட்டபோது, ஆலைத் தயாரிப்புகளை உண்ட நாட்களில் அவர்கள் தம்மையறியாமல் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மனவுறுதியைப் பற்றிப் பேசும் உங்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லலாம்.

வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும். மொத்த இலக்கையும் சிறிதாக வையுங்கள். இதில் பலருக்கு ஏமாற்றம்தான், எனக்குத் தெரியும். ஆனால் 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் உடலுழைப்பும் மட்டுமே இலக்காக வைக்கப்பட்ட குழுவில், நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. ரத்த அழுத்தமும் இவ்வளவு சிறிய குறைவுக்கே இறங்கத் தொடங்கும்.

அதனால்தான் தொடங்குமுன் உங்கள் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறேன். எடை இறங்க இறங்க, இப்போது சாப்பிடும் மாத்திரையின் அளவு அதிகமாகிப் போய்த் தலைச்சுற்றல் வரலாம். அளவை அவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.